அக்கா டைப் அடித்த ரோடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தர்மபுரிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் பொங்கல் வாழ்த்தும்தான். எங்கள் காலனித் தமிழர்கள் மலர் ஒன்று போடுகிறார்கள். பழைய ஆட்கள் யாரைப் பற்றியாவது எழுதிக் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வந்தார்கள். பெரிய பதவிகளில் இருந்தவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருப்பார்கள். நான் எழுத நினைப்பது ஒரு ஸ்டெனோவைப் பற்றி. அவர் பெயரைப் போட மாட்டேன். போட்டால் அவருக்குப் பிடிக்காது. நான் கூப்பிட்டதும் அக்கா என்றுதான்.

டெல்லி கிட்வாய் நகரில் எங்களுக்கு மேல் வீடு அக்காவுடையது. தனியாக இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அவர் தமிழ் அந்த ஊர்த் தமிழாகவே இருந்தது. நடுவில் அச்சா, ஜல்தி என்று இந்தி வந்து விழும். அவ்வளவுதான். ஒல்லியான உடம்பு. பிரவுன் கலரில் ஒரு ஸ்வெட்டர், அக்டோபரில் வெளியே வந்தால் மார்ச்சில்தான் உள்ளே போகும்.

அக்காவைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். எங்கே கிளம்பினாலும், எங்கே திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகுதான் செருப்புப் போடுவார்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போவோம். படியிறங்கும்போதே சொல்லிவிடுவார், "நெத்திலி இருந்தா வாங்குதோம். இல்லைன்னா அந்தக் கடையோட திரும்புதோம். வேற மீனைப் பாக்கக் கூடாது, கேட்டியா?" ஒரு நாள் நெத்திலி இல்லை. பக்கத்திலேயே வஞ்சிரம், வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. கடைக்காரரும் தூக்கிக் காட்டினார். வஞ்சிரம் நல்லா இருக்கேக்கா என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. அதுக்குத்தான் திரும்புதேன்" என்றார்.

சினிமாவுக்குப் போனால் இடைவேளை. குழாய் ரிப்பேருக்கு மராமத்து ஆபீஸுக்குப் போனால் பகல் சாப்பாட்டு மணி. அந்த இடம் வந்ததும் எழுந்துவிடுவார். பின்னால் யார் கூப்பிட்டாலும் முகத்தில் கோபமே இருக்காது, சிரித்துக்கொண்டே வந்துவிடுவார். டெல்லிக்கு முதன்முதலில் ரயில் ஏறியபோதுகூட, முதல் குளிர் தாங்கவில்லை என்றால் திரும்பிவிடுவது என்று முடிவு செய்துதான் ஏறினாராம். "தாங்கிட்டு. அதான் இருக்கேன்" என்பார்.

மனிதர்களிடமும் அப்படித்தான். எதிர் பிளாக்கில் ஒரு அம்மாள் அக்காவிடம் ரொம்ப நெருக்கமாக இருந்தார். திடீரென்று அந்தப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை. நான் கேட்டபோது, "அவகிட்ட நான் வச்ச இடம் வந்துட்டு" என்று மட்டும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். என்னிடம் எந்த இடம் வைத்திருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா ஒரு பழைய கார் வாங்கினார். அந்தக் காலத்தில் டெல்லியில் தெருவுக்குத் தெரு நிற்குமே, அந்தச் சின்னக் கார். வெள்ளை நிறம். காலனியில் பெண்கள் ஓட்டுவது குறைவு. ரிட்டயர் ஆகப் போகிற வயசில் எதற்குக் கார் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அக்கா என்னிடம்தான் காரணத்தைச் சொன்னார்.

அவர் வேலை பார்த்தது ரோடு போடுகிற ஒரு இலாகாவில். ஜன்னல் இல்லாத அறை. ராஜஸ்தானில் ஜெய்சல்மரைத் தாண்டி, ராம்கட் என்ற ஊரையும் தாண்டி எல்லைப் பக்கம் போகிற ஒரு ரோட்டைப் பற்றிய கடிதங்கள் எல்லாம் பல வருடமாக அக்கா கையால்தான் டைப் ஆகிப் போயின. எங்கே ஜல்லி வந்தது, எங்கே தார் போட்டாயிற்று, எங்கே மணல் மூடியது, எப்போது மணலை அள்ளினார்கள், எல்லாம். அதிகாரிகள் டூர் போய்விட்டு வருவார்கள். அக்கா ரோடு எப்படி சார் என்று கேட்பார். எல்லோரும் டீக் ஹை, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்களாம். ஒரே ஒருவர் மட்டும், உங்க டைப்பிங் மாதிரி நேரா இருக்கு மேடம் என்றாராம். அதை அக்கா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"அந்த ரோடு முழுக்க நான் டைப் அடிச்சது. ஒரு தடவை அதுல வண்டி ஓட்டிட்டா போதும். பிறகு காரை வித்துட்டு ஊருக்குப் போயிருவேன்" என்றார்.

ஜனவரி கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குப் போனால் அப்புறம் எங்கே வரப் போகிறார். கிறிஸ்துமஸ் லீவை விட்டால் வேறு வழி இல்லை. ஆபீஸில், எல்.டி.சி. பயணச் சலுகையில் கன்னியாகுமரி போங்களேன் மேடம், டாக்சி வைத்துக்கொள்ளுங்களேன், பாலைவனத்துக்கெல்லாம் ஜீப்தான் லாயக்கு, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், உங்கள் வண்டியில் இரண்டு சக்கரம்தான் இழுக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ரெண்டு கால்ல நடந்து போறவன் போகலியா என்று அக்கா கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஏற்பாடுகள் செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டன. சமையலறைச் சுவரில், அடுப்புக்கு நேர் எதிரே, ராஜஸ்தான் மேப்பை ஒட்டினார். தாளிக்கும்போது பார்ப்பதற்காக. பீகானேர் மேல் மஞ்சள் கை பட்டு அந்த ஊர் எப்போதும் பளிச்சென்று இருந்தது. மார்பிள் ஏற்றி வருகிற லாரிக்காரர்களை டீக்கடையில் பார்த்தால் விடமாட்டார். அண்ணா, ராம்கட் பக்கம் போயிருக்கிறீர்களா, பெட்ரோல் கடைசியாக எங்கே கிடைக்கும், மணல் எந்தப் பக்கக் காற்றில் ரோட்டுக்கு வரும் என்று கேட்பார். அவர்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒழுங்காகப் பதில் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை பார்க்க யமுனைக் கரை மணலுக்குப் போனோம். துணைக்கு வா என்று கூப்பிட்டார், போனேன். அப்போதெல்லாம் எந்தக் கார் என்றாலும் எனக்குப் பின்சீட்டுதான். முன்னால் உட்கார வெட்கமாக இருக்கும். தண்ணீர் கேன்கள், சாப்பாடு, மற்ற மூட்டை எல்லாவற்றையும் நிஜப் பயணம் மாதிரியே டிக்கியில் ஏற்றியிருந்தோம். மணலில் இறங்கி கார் நாலடி போயிருக்காது. முன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றி மணலை வாரி அடித்தன. பின்னால் ஆற்று மணலில் காய்கறி பயிரிட்டிருந்தவர்கள் நாலைந்து பேர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அக்கா இறங்கி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, இழுக்கது முன் சக்கரம். நாம பாரம் பூரா பின்னால வச்சிருக்கோம். எம்புட்டுப் பெரிய மடத்தனம். நீ முன்னால வா."

என் உடம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி வந்தபோதே பருமன். டெல்லிக் கோதுமை இன்னும் கொஞ்சம் சேர்த்தது. உன்னைப் பார்த்தா ஆட்டோக்காரன் மீட்டர் போடமாட்டேங்கிறான் என்று என் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் சொல்லுவார். நானும் சிரிப்பேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருவேன்.

முன்சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி கொஞ்சம் அசைந்தது, வரவில்லை. அக்கா வந்து கதவைத் திறந்தார். இறங்கி பானெட் மேல் உட்கார் என்றார். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்றேன். பாக்கட்டும், அவனுக உக்காந்தா வண்டி வராதுல்லா என்றார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஆட்கள் பின்னாலிருந்து தள்ள, அக்கா மெதுவாக கிளட்சை விட, கார் ஒரு முனகல் முனகி மேலே ஏறி வந்துவிட்டது.

அக்கா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ இல்லாம இந்த வண்டி அங்க போவாது. நீ வாரியா?"

என் பாரம் ஒரு இடத்தில் வேண்டியிருந்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான். பானெட்டில் என் அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. தட்டி எடுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னபோது, வேண்டாம், அது அப்படியே கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் மறுப்பார் என்று நினைத்தேன். அக்கா கூடத்தானே, போயிட்டு வா, ஆனா காரு தாங்குமான்னு கேட்டியா என்றார். அதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். தாங்கத்தான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு என்றார். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகளை லீவுக்கு நாத்தனார் வீட்டில் விடுவது என்று ஆயிற்று.

அதிலிருந்து எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்பதுதான் எங்கள் பேச்சு. நான் ஸ்டவ்வையும் ஊறுகாய் ஜாடியையும் கொண்டுவந்து வைப்பேன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைப்பார். மணலில் போட்டு ஏற்ற, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கேரளத்துக்காரர் கடையில் தேங்காய் நார்ப் பாய் இரண்டு வாங்கினோம். நீளமாக, ஆபீஸ் நடையில் விரிக்கிற மாதிரி. எந்த ஆபீஸுக்கு என்று கடைக்காரர் கேட்டார். ராஜஸ்தானுக்கு என்றார் அக்கா.

திரும்புகிற இடமும் அந்தப் பாயை வைத்துத்தான் முடிவானது. ரோட்டின் மேல் மணல் கிடந்தால் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பாயையும் ஒன்றன்பின் ஒன்றாக விரிப்பது. மணல் அதற்குள் முடிந்தால் போவது. அதையும் தாண்டி மணல் இருந்தால் திரும்புவது. அது ரோட்டின் தொடக்கமாக இருந்தாலும் சரி, முடிவாக இருந்தாலும் சரி. "சம்மதமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அன்றைக்கு அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் இருந்தது.

மணலில் சக்கரம் புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைத்துவிட்டுக் கால் பம்பால் மறுபடி அடிக்கப் பழகினோம். ஒரு சாயங்காலம் கீழே வண்டியருகில் பம்பை மிதித்துக்கொண்டிருந்தபோது அக்கா தானாகவே சொன்னார், "ஒரே ஒரு தடவதான் திரும்புற இடம் வைக்காமப் போனேன். கல்யாணம். திரும்பி வர நாலு வருசம் ஆச்சு." சொல்லிவிட்டு அடுத்த டயருக்குப் போய்விட்டார். நானும் பம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கிளம்புகிற காலையில் நான் சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தேன். அக்கா இரண்டை எடுத்து முன் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். "இழுக்கது இது ரெண்டும்தான். மீதி ரெண்டையும் சாதத்துக்குப் பிழி" என்றார். பிறகு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். நான் முன்சீட்டில் ஏறினேன். என் காலடியில் ஒரு துணிப்பை இருப்பதைப் பார்த்துவிட்டு, என்னட்டி அது என்றார். தோசைக்கல் என்றேன்.

"தோசைக்கல்லா? மாவு எங்க?"

மாவு இல்லை. வெளியூரில் தோசைக்கல் இல்லாமல் எனக்கு ஒரு மாதிரி இருக்கும் என்றேன். தூக்கிப் பார்த்தார். இரும்புக்கல், நல்ல கனம். சிரித்துக்கொண்டே என் காலடியிலேயே திரும்ப வைத்தார். முன்பக்கம் பாரம்தானே, இருந்துட்டுப் போட்டும் என்றார்.

வழி நெடுக நான் பார்த்ததை எல்லாம் எழுத எனக்குத் தெரியாது. பீகானேருக்கு அப்புறம் மரங்கள் குறைந்தன, வீடுகள் குறைந்தன. ஜெய்சல்மரைத் தாண்டியதும் பார்வையை மறிக்க ஒன்றுமே இல்லை. ராம்கட்டில் டீ குடித்துவிட்டு அந்த ரோட்டில் ஏறினோம். அந்த அதிகாரி சொன்னது நிஜம். கோடு போட்ட மாதிரி இருந்தது. அக்கா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். காது கொடுத்துக் கேட்டேன். அவர் டைப் அடித்த கடித வாசகங்கள், இங்கிலீஷில். அந்த மைல்கல்லுக்கு அந்த வரி, இந்தப் பாலத்துக்கு இந்த வரி. எனக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் அவர் குரல் அப்படி இருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

சின்னச் சின்ன மணல் திட்டுகள் வந்தன. பாயை விரித்தோம், தாண்டினோம், சுருட்டினோம். பாயை விரிக்க இறங்குவதும், ஏறி முன்னால் உட்கார்ந்து அழுத்துவதும் என் வேலை. எனக்கு அது பிடித்திருந்தது. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் என்றிருந்தது.

பிறகு அந்த இடம் வந்தது. பக்கத்து மணல்மேடு சரிந்து ரோட்டின் குறுக்கே படுத்திருந்தது. லாரிகள் போன தடம் ஆழமாக இருந்தது. அதில் இறங்கினால் எங்கள் கார் வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். இரண்டு பாயையும் விரித்தோம். பாய் முடிந்த இடத்துக்கு அப்பால் இன்னும் அதே அளவு மணல், அதற்கும் மேல் கொஞ்சம். அதற்கப்புறம் கறுப்பாக ரோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து பார்த்தார். மணல் தள்ளுகிற வண்டி நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றார். ராம்கட்டில் தங்கி நாளை வந்து பார்க்க அக்காவுக்கு லீவு இல்லை. வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

அக்கா பாயைச் சுருட்டக் குனிந்தார். அப்போது நான் பேசினேன். ஒரு அந்நிய ஆண்பிள்ளை நிற்கிறார் என்ற நினைப்புகூட இல்லை.

"போலாங்க்கா. பின்னால இருக்கிற பாயை எடுத்து எடுத்து முன்னால போடலாம். நான் பானெட்டுல உக்காந்துக்கறேன்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் போக ஆசைதான். அது கண்ணிலேயே தெரிந்தது.

"வரும். நீ உக்காந்தா வந்தாலும் வரும்" என்றார். "ஆனா வீட்டுல வச்சுப் போட்டதுதான் கணக்கு. இங்க வந்து மாத்துனா அதுக்குப் பேரு ஆசை."

"ஆசைப்பட்டா என்னக்கா?"

அக்கா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு பாய் மேல் நடந்தார். பாய் முடிந்ததும் மணலில் இறங்கினார். கால் புதையப் புதையப் போய் அந்தப் பக்கத்துத் தாரில் ஏறினார். நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ரோட்டின் நடுவிலேயே நடந்து போனார். பிரவுன் ஸ்வெட்டர் சின்னதாகிக்கொண்டே போயிற்று. ஆட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடமும் அக்கா எங்கே திரும்பிவிடுவாரோ என்று பயந்தவள் நான். அன்றைக்கு, திரும்பாமல் போய்விடுவாரோ என்று பயந்தேன். போகட்டுமே என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வெகு தூரத்தில் நின்றார். குனிந்து தரையைத் தொட்டமாதிரி இருந்தது. பிறகு திரும்பி வந்தார்.

எப்படிக்கா இருந்துச்சு என்று கேட்டேன்.

"ஒரு எழுத்துப் பிசகல" என்றார். செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஜனவரி கடைசியில் அக்கா ரிட்டயர் ஆனார். காரை யாரோ நொய்டாப் பக்கத்து ஆள் வாங்கிப் போனார். அக்கா ஊருக்குப் போன பிறகு கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் வரும். அங்ஙன குளிரா, இன்னும் பின்சீட்டுலதான் உக்காருதியா என்று கேட்பார். சில வருடம் வந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. விசாரித்துச் சொல்ல அவர் ஊர்க்காரர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் வைத்திருந்த இடம் அதுதானோ, வேறு ஏதாவதோ. நான் இப்போது முன்சீட்டில்தான் உட்காருகிறேன். மகள் கார் ஓட்டும்போது ரோடு நேராக வந்தால் என்னை அறியாமல் காலை அழுத்தி உட்காருகிறேன். ஏம்மா டென்ஷன் என்கிறாள்.

ராம்கட் ரோட்டில் அன்று சாயங்காலம் பாயிலிருந்த மணலைத் தட்டி, சுருட்டி, காரைத் திருப்பினோம்.

மறுநாள் திரும்பும் வழியில் பலோடி என்ற ஊருக்கு முன்னால் பின் டயர் பஞ்சர் ஆனது. ரோட்டோரம் மண் இளகலாக இருந்ததால் ஜாக்கி கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. தோசைக்கல்லை எடுத்து ஜாக்கிக்கு அடியில் வைத்தோம். டயரை மாற்றிக்கொண்டு கிளம்பினோம்.